எட்டடிப் பெட்டியும் என் மதிலின் மூலையும்

1

என் தம்பி சவிரி ஒரு கெப் வாங்கியிருக்கிறான். எனக்கு வயிறு எரிகிறது.

இதைக் கொஞ்சம் நாகரிகமாகத் தொடங்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. சனிக்கிழமை காலை புல் வெட்டும் இயந்திரத்தை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. யாழ்ப்பாணத்தில், மயிலிட்டியில் எங்கள் வளவு. வளவுக்குள் வெள்ளை நிறத்தில் ஒரு பழைய கெப். ஊரில் கெப் என்பதைத்தான் நாங்கள் கனடாவில் பிக்கப் என்கிறோம்; முன்னால் ஆட்கள் இருக்க ஒரு கூடு, பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டி. முகப்பில் பூமாலை தொங்கியது. பங்குச் சுவாமி தீர்த்தம் தெளித்து மந்திரித்த ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு பக்கம் சவிரி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். மறு பக்கம், ஓட்டுகிற பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி, வண்டித் திறப்பை விரலில் கொழுவிக்கொண்டு நிற்பவள் என் மகள் அனிற்றா.

ஒரு தகப்பன் முதலில் மகளின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் பெட்டியைப் பார்த்தேன். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஆறடி. சந்தேகமே இல்லை, கட்டைப் பெட்டி. நான் எட்டடி வாங்கச் சொல்லியிருந்தேன். சொன்னதோடு விடாமல் படம் கீறியும் அனுப்பியிருந்தேன்.

மனைவி புஷ்பம் தேநீரோடு வாசலுக்கு வந்தாள்.

"என்ன, வாங்கீட்டினமோ?"

"வாங்கீட்டினம். கட்டைப் பெட்டி."

"அதுக்கேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறியள்? உங்களையே அதுக்கை படுக்கச் சொன்னவை?"

தேநீரை வாங்கி ட்ரெய்லரின் ஓரத்தில் வைத்தேன். அது ஆறிப் போகும் வரைக்கும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

2

பெட்டி ஆறடியோ எட்டடியோ, இதில் ஒருவன் வயிறு எரிய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. இந்த நாட்டில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான்.

கடலில் பிறந்தவன் நான். அப்பு, பெரியப்பு, மாமன்மார் எல்லோரும் கடல். இங்கே வந்து சேர்ந்த இடத்தில் கடல் கிடைக்கவில்லை, புல்தான் கிடைத்தது. ரொறொன்ரோவுக்குக் கிழக்கே, வெயில் காலத்தில் மற்றவர்களின் வளவுகளில் புல் வெட்டுகிறேன், குளிர் காலத்தில் மற்றவர்களின் வாசல்களில் பனி தள்ளுகிறேன். இரண்டுக்கும் பிக்கப் வேண்டும். அதன் பின்னால் ட்ரெய்லர் வேண்டும். இத்தனை வருடத்தில் நான் ட்ரெய்லர் இழுத்த தூரத்துக்கு உலகத்தைச் சில தடவை சுற்றியிருக்கலாம்.

ஆகவே சொல்கிறேன். பெட்டி நீண்டால் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையிலுள்ள தூரமும் நீளும். அப்படியான வண்டி, பின்னால் எவ்வளவு பாரத்தைக் கொழுவினாலும் நேரே போகும். கட்டை வண்டியைப் பின்னால் வருகிற பாரம் பிடித்து ஆட்டும். பின்னுக்கு எடுக்கும்போது இன்னும் மோசம். கட்டை வண்டியில் கை கொஞ்சம் கூடத் திரும்பிவிட்டால், ட்ரெய்லர் மடிந்து கதவோடு வந்து நிற்கும். நீண்ட வண்டியில் பிழையைக் கண்டு திருத்த நேரம் கிடைக்கும். பெட்டிக்குள் சாமானும் கூடக் கொள்ளும். ஒரே ஒரு குறை, திரும்புவதற்கு நிறைய இடம் வேண்டும். கனடாவில் இடத்துக்கு என்ன பஞ்சம் என்று அந்தக் குறையை நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

பஞ்சம் என் வீட்டு வாசலில்தான் வந்தது. எட்டடிப் பெட்டி வைத்த வண்டியை வாசலில் நிறுத்தினால் அதன் வால் நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். யாரோ ஒரு புண்ணியவான் நகரசபைக்கு அறிவித்துவிட்டார். கண்ணாடியில் அறிவித்தல் ஒட்டினார்கள். விளக்கம் சொல்லப் போனேன். அப்போது அனிற்றாவுக்குப் பதினாறு வயதிருக்கும். ஆங்கிலத்தில் நான் தடுக்கினால் தாங்கிப் பிடிக்க அவளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

யன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கேட்டாள். கேள்வி விளங்கியது. பதிலுக்கு உரிய ஆங்கிலம் அந்த நேரம் பார்த்து ஓடிப் போய்விட்டது. எங்கள் ஊரில் வலையும் கயிறும் பாகத்தில்தான் அளப்பார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால், விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை ஒரு பாகம். நான் என்னை அறியாமல் இரண்டு கையையும் விரித்து, பிறகு ஒன்றை நெஞ்சில் வைத்து, அரைப் பாகம் என்று காட்டினேன். அந்தப் பெண் கதிரையோடு சற்றுப் பின்னால் போனாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அனிற்றா நிலத்தைப் பார்த்தாள்.

திரும்பி வரும்போது அவள் ஆங்கிலத்தில் ஒரு வசனம்தான் சொன்னாள். இனி யார் முன்னாலும் அப்படிக் கையை விரிக்க வேண்டாமாம். சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். பின் இருக்கையில்தான் இருந்தாள். என் வண்டியில் அவள் எப்போதும் பின் இருக்கைதான்.

3

அந்தப் பிள்ளை ஊருக்குப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம்.

படிப்பு முடிந்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது, மயிலிட்டிக் கோயிலடியில் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கப் போகிறேன் என்றாள். நான் சிரித்தேன். நுளம்பு கடித்த முதல் கிழமையே விமானம் ஏறிவிடுவாள் என்று புஷ்பத்திடம் சொன்னேன். மூன்று மாதம் ஆறு மாதமானது. பிறகு அதைப் பற்றிக் கேட்பதை நான் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது பின்னேரத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். காலையில் சவிரியோடு நிற்கிறாள். சவிரிக்கு இரண்டு கண்ணாடியிழைப் படகுகள். மீன் நிறுக்கும்போது அவள் நிற்கிறாள், ஐஸ் ஏற்றும்போது நிற்கிறாள், வலை தைக்கும் இடத்தில் நிற்கிறாள். ஒருநாள் காணொளியில் பார்த்தேன். புதுக் கயிறு ஒன்றை வாங்கி, இரண்டு கையையும் அகல விரித்து, "ஒண்டு... ரெண்டு... மூண்டு..." என்று பாகம் பாகமாக அளந்துகொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அன்று வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை. பிள்ளைகள் எங்களை விட்டு விலகிப் போவார்கள் என்று வந்த நாளிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெள்ளைக்காரரிடம் போய்விடுவார்கள், ஆங்கிலத்துக்குள் போய்விடுவார்கள் என்று பயந்தோம். என் பிள்ளை என்னை விட்டு என் ஊருக்கே போனாள். அதை யாரிடம் போய் முறையிடுவது? கேட்கிறவர்கள் எல்லாம், "குடுத்து வைச்சனீங்கள்" என்கிறார்கள்.

அவளுடைய தமிழ் வேறு. இங்கே நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொன்னவள், இப்போது என்னோடு பேசும்போது, "அப்பா, கச்சான் எழும்பீட்டுது, நாளைக்குத் தொழில் இல்லை" என்கிறாள். கச்சான் என்ற காற்றின் பெயரை நான் கடைசியாகச் சொன்னது எப்போது என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. அந்தச் சொற்கள் எல்லாம் என்னுடையவை. நான் அவளுக்குக் கொடுக்கவில்லை, சவிரி கொடுத்துவிட்டான்.

சவிரிமேல் எனக்கு இருக்கும் பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. நான் சண்டைக்கு முன்னமே வெளியேறிவிட்டேன். அவன் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, பருத்தித்துறையில் யாரோ ஒருவரின் படகில் கூலிக்குப் போய், கால் நூற்றாண்டுக்கு மேல் மயிலிட்டியை இராணுவத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன். அவன் பட்டதில் பாதியை நான் படவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், காலையில் அவன் வாசலைத் திறந்தால் கடல் தெரிகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ புகைகிறது.

4

கெப் கதை இரண்டு மாதத்துக்கு முன்பு தொடங்கியது.

படகு பழுதானால் பருத்தித்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். வாடைக் காற்று நாட்களில் எங்கள் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். அப்போது படகைத் தரையால் ஏற்றிக் குருநகர்ப் பக்கத்து ஆழமில்லாத கடலுக்குக் கொண்டுபோனால் கொஞ்சமாவது தொழில் பார்க்கலாம். அதற்கு இதுவரை சவிரி யாருடையதோ உழவு இயந்திரத்தைக் கெஞ்சிக் கேட்பான். சொந்தமாக ஒரு கெப் வாங்கி, படகு ட்ரெய்லரை அதில் கொழுவலாம் என்று முடிவெடுத்தார்கள். விலைக்கு இரண்டு வண்டிகள் வந்திருந்தன. சுன்னாகத்தில் ஒன்று, எட்டடிப் பெட்டி. பருத்தித்துறையில் ஒன்று, ஆறடி. மற்றப்படி இரண்டும் ஒன்றுதான்.

சவிரி அழைத்துக் கேட்டான். "அண்ணை, உங்களுக்குத்தானே உது தெரியும். எதை எடுக்கலாம்?"

வாழ்க்கையில் அவன் என்னிடம் ஏதாவது கேட்டு எவ்வளவு காலம். நான் வெளியே போய், வெயிலில் நின்று, என் வண்டியைச் சுற்றிக் காட்டி ஒரு பாடமே நடத்தினேன். பெட்டியை அளந்து காட்டினேன். ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுத்துக் காட்டினேன்.

"நீட்டுத்தான் சவிரி. கண்ணை மூடிக்கொண்டு எடு. கட்டையைக் கொண்டுபோய்ப் படகைக் கொழுவினால் றோட்டிலை வாலை ஆட்டும். வலை, எஞ்சின், ஐஸ் பெட்டி எல்லாம் எங்கை வைப்பாய்?"

"ஓம் அண்ணை."

பின்னால் அனிற்றாவின் குரல் கேட்டது. "அப்பா, இஞ்சை திரும்பிறதுக்கு இடம் காணுமோ தெரியாது."

"இடம் காணும் பிள்ளை. நான் பிறந்த ஒழுங்கை எனக்குத் தெரியாதே? மாட்டு வண்டில் ரெண்டு விலத்திப் போற ஒழுங்கை."

"ஓம் ஓம்," என்றாள்.

எங்கள் ஊரில் ஒரு ஓம் என்றால் சம்மதம். இரண்டு ஓம் சேர்ந்து வந்தால், நீங்கள் சொல்லுங்கோ, நாங்கள் செய்கிறதைச் செய்கிறோம் என்று அர்த்தம். அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அன்று தெரியவந்தது. வண்டியை ஓடப் போவது அனிற்றா. சவிரிக்குக் கண் முன்போல இல்லையாம், அவளுக்கு அவனே பழக்கிவிட்டானாம். உழவு இயந்திரத்தில் படகைக் கொழுவி, கோயில் வெளியில் பின்னுக்கு எடுக்கப் பழக்கியிருக்கிறான். இங்கே ஒருமுறை, பத்தொன்பது வயதில், என் பிக்கப்பை ஒருதரம் ஓடிப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டாள். "உது உனக்குச் சரிவராது, நீ சின்னக் காரை ஓடு" என்றேன். அவள் இரண்டாம் தரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு வந்தது, முதலில் சொன்ன அந்தப் படம். பூமாலை, தீர்த்தம், ஆறடி.

நான் வாழ்த்துச் சொல்லவில்லை. வேலை கூடிப்போச்சு என்று ஒரு செய்தி போட்டுவிட்டு இரண்டு கிழமை அழைக்காமல் இருந்தேன். புஷ்பம் சமையலறையில் அவர்களோடு பேசிச் சிரிப்பது கேட்கும். நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவேன். அவள் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "உங்கடை மகள் சுகம் கேக்கிறாள்" என்பாள். "சுகமெண்டு சொல்லு" என்பேன்.

5

மூன்றாம் கிழமை சவிரி ஒரு காணொளி அனுப்பினான். அதைப் பார்க்கும் முன் என் மதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இராணுவம் எங்கள் காணியை விட்டபோது அங்கே வீடு இருக்கவில்லை, வேலி இருக்கவில்லை, எந்த மரமும் பழைய மரமாக இருக்கவில்லை. கிணறு மட்டும் இருந்தது. எங்கே எங்கள் எல்லை, எங்கே அடுத்தவரின் எல்லை என்று பெரிசுகளுக்கே தெரியவில்லை. காணி உறுதியை வைத்து, நில அளவையாளரைப் பிடித்து, கல் நாட்டினோம். வீடு கட்டுவதற்கு முன் நான் கட்டியது மதில். கனடாவிலிருந்து நான் செய்த முதல் காரியம் அதுதான். முன் வளவுக்காரர் பிரான்சில் இருக்கிறார். அவர் ஆறடியில் மதில் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டு என்னுடையதை ஏழடியாக்கினேன். இரண்டு மதில்களும் ஒழுங்கையின் இரு பக்கமும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. அவரும் அங்கே இல்லை, நானும் அங்கே இல்லை.

எங்கள் வளவு, கடற்கரை வீதியிலிருந்து ஒழுங்கை பிரிகிற முனையில் இருக்கிறது. வாசல் படலை ஒழுங்கைக்குள் இருக்கிறது. மதில் கட்டும்போது மேசன் கேட்டான், முனையைக் கொஞ்சம் சரித்துக் கட்டினால் வாகனம் திரும்ப வசதி என்று. சவிரியும் அதையே சொன்னான். ஒரு விரல் அகலம்கூட விட மாட்டேன் என்று மறுத்தேன். "ஒரு விரக்கடையும் விடப்படாது. கல்லு எங்கை நிக்குதோ அங்கை மூலை நிக்கோணும்." அத்தனை வருடம் ஒருவன் காணியைப் பிடித்து வைத்திருந்து விட்டிருக்கிறான், அதில் ஒரு மூலையை நானே அறுத்துத் தெருவுக்குக் கொடுப்பதா? அந்த நியாயம் எனக்கு இன்றும் நியாயமாகத்தான் படுகிறது.

காணொளியில் அந்த மூலை தெரிகிறது. கடற்கரை வீதியால் வெள்ளைக் கெப் வருகிறது. பின்னால் ட்ரெய்லரில் நீலப் படகு. அனிற்றா ஒழுங்கை வாசலைக் கடந்து வீதியின் அந்தக் கரை வரைக்கும் போகிறாள். அங்கே நிறுத்தி, திரும்பி, பிரான்ஸ்காரரின் மதிலில் மூக்கு முட்டும் அளவுக்குப் போய், அங்கிருந்து வண்டியை ஒடித்துத் திருப்புகிறாள். ட்ரெய்லரின் சில்லு என் மதில் மூலையை உள்ளங்கை அகலத்தில் உரசாமல் வருகிறது. மூலையில், நெஞ்சுயரத்தில், முன்பொருநாள் பட்ட நீலக் கீறல் ஒன்று. நிலத்தில், சில்லு எங்கே வர வேண்டும் என்பதற்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு. படம் பிடிக்கும் சவிரி, "மெதுவா, மெதுவா... அண்ணையின்ரை மதில்!" என்று கத்துகிறான். வலைக்காரப் பொடியன்கள் இரண்டு பேர் சிரிக்கிறார்கள்.

முன்னுக்குப் பின்னுக்கு மூன்று எடுப்பில் அவள் உள்ளே போய்விட்டாள். கட்டை வண்டி. நீட்டு வண்டியாக இருந்தால் முப்பது எடுப்பிலும் போயிருக்காது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும், நான் ட்ரெய்லர் இழுக்கிறவன்.

உடனே சவிரியை அழைத்தேன்.

"நீங்கள் கட்டை எடுத்தது உந்த மூலைக்காகவோ?"

"ஓம் அண்ணை. ரெண்டு நீளத்துக்கும் கயிறு பிடிச்சுப் பாத்தனாங்கள். அனிற்றா றோட்டிலை கீறிப் பாத்தவள். நீட்டு வராது."

"ஏன் எனக்கு அதைச் சொல்லேல்லை?"



"சொன்னால், மதிலை இடியுங்கோ எண்டு கேக்கிற மாதிரி இருக்கும். உங்கடை மதிலெல்லோ அண்ணை. நாங்கள் விலத்திப் போவம் எண்டு விட்டிட்டம்."

கடலுக்குள் கல்பார் என்கிற பாறைத் திட்டு இருக்கிற இடத்தை விலத்தி, சுற்றிப் படகு விடுவார்கள். கல்லோடு யாரும் கதைக்கப் போவதில்லை. என் தம்பியும் என் மகளும் அப்படித்தான் என்னை விலத்தியிருக்கிறார்கள். கோபப்பட்டுச் சண்டை பிடித்திருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் மூலையை அளந்து, அதற்கு ஏற்றபடி ஒரு வண்டியைத் தேடி, அதை வளைக்கப் பழகிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. அந்த விளையாட்டில் நான் இல்லை, என் மதில்தான் இருக்கிறது.

6

மதில் கட்டிய மேசனின் இலக்கம் என்னிடம் இருந்தது.

"மூலையை உடைச்சுச் சரிச்சுக் கட்டோணும்," என்றேன். "அவை குருநகருக்குப் படகு கொண்டுபோகேக்கை செய். வந்து பாக்கட்டும்."

"ஐயா, நீங்கள்தானே அப்ப ஒரு விரக்கடையும் விடப்படாதெண்டனீங்கள்?"

"இப்ப விடச் சொல்லுறன்."

இதைப் பெருந்தன்மை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புஷ்பத்திடமும் அப்படித்தான் சொன்னேன். உள்ளே கிடந்தது வேறு. என்னிடம் கேட்காமல் அவர்கள் சமாளித்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. மூலை போய்விட்டால் எட்டடி வண்டியும் உள்ளே வரும். அப்போது, நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது, மதில்தான் பிழை என்று ஆகிவிடும். பொறாமைக்காரனின் கணக்கு இப்படித்தான் ஓடும். வேறு எவருடைய கணக்கும் எனக்குத் தெரியாது.

அவர்கள் குருநகரில் நின்ற இரண்டு நாளில் மேசன் வேலையை முடித்துவிட்டான். படம் அனுப்பினான். கூராக நின்ற மூலை இருந்த இடத்தில் சரிவான, புதுச் சீமெந்து பூசிய முகம். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மகள் வந்து பார்த்துத் துள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். கோயில் திருவிழாவுக்கு நானும் புஷ்பமும் ஊருக்குப் போவதாக இருந்தது. அப்போது அந்தச் சந்தோசத்தை நேரிலும் ஒருதரம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வாசலில் ட்ரெய்லரைக் கொழுவிக்கொண்டு நிற்கும்போது அழைத்தாள். முகம் தெரிந்தது. பின்னால் சரித்துக் கட்டிய மூலையும் தெரிந்தது.

"அப்பா, மூலையை உடைக்கச் சொன்னனீங்களோ?"

"ஓம் பிள்ளை. இனி லேசாத் திரும்பலாம். உரசாது, ஒண்டும் செய்யாது. லொறியெண்டாலும் வரும்."

நன்றி சொல்லச் சொல் தேடுகிறாளாக்கும் என்று காத்திருந்தேன்.

"ஏன் என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீங்கள் நான் சொன்னதைக் கேட்டே பெட்டி வாங்கினனீங்கள்?"

என் வயதுக்கு அது சொல்லக்கூடாத பதில். வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. அங்கே காற்று, மணல் என்று நான் நினைத்தேன்.

"நான் எத்தினை நாளா அந்த மூலையிலை பழகினனான் தெரியுமோ அப்பா? முதலிலை ஏழெட்டுத் தரம் முன்னுக்குப் பின்னுக்கு எடுப்பன். பேந்து மூண்டு தரம். போன கிழமை ரெண்டு தரத்திலை போட்டன். நீங்கள் திருவிழாவுக்கு வரேக்கை, உங்களை எனக்குப் பக்கத்திலை இருத்தி, படகையும் கொழுவிக்கொண்டு, ஒரே எடுப்பிலை உள்ளுக்குக் கொண்டுபோய்க் காட்டோணுமெண்டு இருந்தன். சித்தப்பாவுக்கு உது வலு சந்தோசம், ஆனால் அவருக்கு உதிலை என்ன கஷ்டம் இருக்கெண்டு விளங்காது. ஒருத்தருக்கும் விளங்காது. உங்களுக்குத்தான் விளங்கும்."

அவள் கைப்பேசியை மூலைப் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"இப்ப உதை ஆரும் திருப்பலாம்," என்றாள். "சரி அப்பா. நீங்கள் வேலைக்குப் போங்கோ. நேரமாகுது."

திரை அணைந்தது. நான் வண்டிக்குள் ஏறி இருந்தேன். திறப்பைப் போடவில்லை. பக்கத்து இருக்கையில் என் கையுறைகளும் ஒரு கட்டுக் கயிறும் கிடந்தன. பின் இருக்கை வெறுமையாக இருந்தது. அவள் என்னைப் பக்கத்தில் இருத்தப் பார்த்திருக்கிறாள். என் மதிலை வைத்து, எனக்கு மட்டும் விளங்கக்கூடிய ஒன்றைப் பழகி வைத்திருக்கிறாள். நான் அதைக் காசு கொடுத்து உடைத்துப் போட்டேன்.

புஷ்பம் வந்து கண்ணாடியில் தட்டினாள். "என்ன, போகேல்லையோ?"

"போறன்," என்றேன்.

போகவில்லை. மேசனை அழைத்தேன். மயிலிட்டியில் அப்போது பின்னேரம். குளித்துவிட்டு வந்திருப்பான் போல, தலை துடைத்துக்கொண்டே, "சொல்லுங்கோ ஐயா, மூலை எப்பிடி? வடிவோ?" என்று கேட்டான்.

"வடிவுதான். அதை முன்னம் இருந்த மாதிரியே திருப்பிக் கட்டித் தர ஏலுமோ?"

"என்னத்தை ஐயா?"

"மூலையை. திருவிழாவுக்கு முதல் முடியோணும்."

"ஐயா," என்றான், குரலைத் தணித்து, "சுகமாத்தானே இருக்கிறியள்?"

சுகம் என்றேன். பழைய கல் நிற்கிற இடத்திலேயே நேராக, கூராகக் கட்டச் சொன்னேன். நிலத்தில் இருந்த சுண்ணாம்புக் கோட்டை மட்டும் தயவுசெய்து மிதித்து அழித்துவிட வேண்டாம் என்றேன். அப்புறம், அவன் வைப்பதற்குள் இன்னொன்றும் ஞாபகம் வந்து சொன்னேன்: ஒரு விரக்கடையும் உள்ளே தள்ளிக் கட்டக் கூடாது.